கரியும் வெளுப்பும்

மோட்டார் சைக்கிள் பட்டறைச் சுவர்களில் முன்பெல்லாம் ஒரு படம் மாட்டியிருப்பார்கள். ஸ்பார்க் பிளக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போனது. சாமி படத்துக்கும் ஸ்பானர் பலகைக்கும் நடுவே, எண்ணெய்க் கை பட்டு மங்கியிருக்கும். பிளக் முனைகள் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும். ஒன்றில் உலர்ந்த கரி அப்பியிருக்கும். இன்னொன்று எண்ணெயில் ஊறியிருக்கும். ஒன்று சுண்ணாம்பு வெள்ளை. அதன் பீங்கானில் சிறு கொப்புளங்கள். ஒன்றில் மேல்கம்பி உருகித் தேய்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் முதலாவதாக, பால் சேர்த்த டீயின் நிறத்தில் ஒரு பிளக். அது ஒன்றுதான் ஆரோக்கியம். மற்றவையெல்லாம் நோய்கள்.

பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன் பஞ்சர் ஒட்டவும் செயினுக்கு எண்ணெய் விடவும் சில நாளில் கற்றுக்கொள்வான். பிளக்கைப் பார்த்துச் சொல்வது பல வருடம் கழித்துக் கைவருவது. சூடான எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றி, துணியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரிச்சா ஓடுது, நீடில்ல கிளிப்ப ஒண்ணு மேல மாத்தணும்” என்று சொல்பவர்மேல் வண்டிக்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு. நிறம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான் அந்த மரியாதைக்கு அடித்தளம். எனக்கு அந்த நம்பிக்கையில் ஒரு திருத்தம் இருக்கிறது. நிறம் தானாக எதையும் சொல்வதில்லை. முறையாகக் கேட்டால் பதில் தரும். இல்லாவிட்டால் கேட்பவர் எதிர்பார்த்ததையே திருப்பிச் சொல்லும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இது வேதியியல் கணக்கு. எஞ்சின் கேட்பது வேளைக்கு வேளை மாறும். மேட்டில் முழு இழுவை வேண்டுமென்றால் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, பன்னிரண்டரை பதின்மூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். சமதளத்தில் சிக்கனமாக ஓட்ட, பதினைந்து பதினாறு பங்கு காற்று இருந்தாலும் தாங்கும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் காலையில் கிளப்ப இவை எதுவும் போதாது, அதற்குத்தான் சோக். இத்தனை விதமான பசிக்கும் அளந்து ஊற்றும் பொறுப்பு, மூளையோ மின்சாரமோ இல்லாத ஒரு சிறு உலோகக் கிண்ணத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

பெட்ரோலைத் தெளித்துக் கலக்கும் கார்பரேட்டரை வில்ஹெல்ம் மேபாக் 1893இல் உருவாக்கினார். குறுகலான வழியில் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை நுண்துளை வழியே மேலே இழுக்கும். நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் கார்களும் பைக்குகளும் இந்த ஒரே தந்திரத்தில் ஓடின. கார்பரேட்டருக்குத் தெரிந்தது காற்றின் உறிஞ்சல் மட்டுமே. காற்று அடர்ந்ததா நலிந்ததா, கிண்ணத்தில் இருப்பது என்ன திரவம், எஞ்சின் கொதிக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய புல்லட் ஊட்டியில் இழுவையில்லாமல் திணறிக் கரும்புகை கக்குவது இதனால்தான். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்பரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. பிளக் கருக்கும். வண்டியில் எந்தக் கோளாறும் இருக்காது. மலை இறங்கினால் பிளக்கும் மெல்லத் தெளியும்.

பைக்கின் ஸ்லைடு கார்பரேட்டருக்குள் உண்மையில் நான்கு கார்பரேட்டர்கள் இருக்கின்றன. ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது பெட்ரோல் தருவது பைலட் ஜெட். சற்றே திருகியதும் ஸ்லைடின் அடிவெட்டு கலவையைத் தீர்மானிக்கும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடிலின் ஆட்சி. அதற்கு மேலே மெயின் ஜெட். ஒன்றின் எல்லையில் இன்னொன்று கலந்துதான் வேலை செய்யும். ஒன்றைக் கூட்டினால் பக்கத்திலிருப்பதன் குணமும் கொஞ்சம் மாறும். எனவே ‘கலவை சரியா’ என்று பொதுவாகக் கேட்பதற்கு அர்த்தமே இல்லை. எந்தத் திறப்பில், எந்தச் சுமையில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

எரியறைக்குள் இருந்துவிட்டு இரண்டே நிமிடத்தில் கைக்கு வரக்கூடிய உறுப்பு பிளக் ஒன்றுதான். பிஸ்டனைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டும். வால்வைப் பார்க்க ஹெட்டைக் கழற்ற வேண்டும். அதனால்தான் இத்தனை கேள்விகளையும் அந்தச் சின்னப் பீங்கான் மூக்கின்மேல் ஏற்றினார்கள். அந்த மூக்கு வாழ்வதற்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் படியும் கரி எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பாய வேண்டிய மின்சாரம் கரி வழியே கசிந்துவிடும். 850 டிகிரிக்கு மேலே போனால் மூக்கே கனன்று, பொறி வருமுன் தானே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே எஞ்சினுக்கு எஞ்சின் வெப்பத்தை வேறு வேறு வேகத்தில் கடத்தும் பிளக்குகளைச் செய்கிறார்கள். சூட்டைச் சீக்கிரம் கடத்துவது கோல்டு பிளக். தேக்கிவைப்பது ஹாட் பிளக். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் கோல்டு; போஷ் பிளக்கில் எண் கூடினால் ஹாட். கம்பெனி மாற்றிப் போடும் இடத்தில் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், கலவையைத் தொடாமலேயே பிளக்கின் நிறம் மாறிவிடும். அப்போது அந்த நிறம் கார்பரேட்டரைப் பற்றியதல்ல, கடைக்காரரைப் பற்றியது.

தாம்பரத்திலிருந்து புதுப்பேட்டைக்கு நெரிசலில் ஊர்ந்து வந்து, பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்திய வண்டியின் பிளக்கைக் கழற்றினால் அது எதைக் காட்டும்? பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தை. அதாவது பைலட் ஜெட்டை. அதைப் பார்த்து மெயின் ஜெட்டை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பந்தயக்காரர்கள் இதில் கறாரானவர்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், பிறகு 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கார்பரேட்டர் வண்டிகளைத் தயார் செய்தவர்களுக்கு இது அன்றாடப் பாடம். புதுப் பிளக் ஒன்றைப் போட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் முழு ஆக்ஸிலேட்டரில், முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். ஓட்டத்தின் உச்சியிலேயே கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைக்க வேண்டும். எஞ்சின் ஒரு சுற்றுகூட ஐடிலில் ஓடாமல் வண்டி உருண்டு நிற்க வேண்டும். அதன்பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். இப்படிச் செய்தால் முழுத் திறப்பின் பதிவு மட்டும் அதில் இருக்கும். அதையும் மூக்கின் நுனியில் தேடக் கூடாது. பீங்கான் உலோக உடலுக்குள் இறங்கி மறையும் ஆழத்தில், அடிவாரத்தில் படிந்த மெல்லிய கரிவளையத்தில் பார்க்க வேண்டும் என்பார்கள். சிலர் அதற்காகப் பிளக்கின் மரைப்பகுதியை ரம்பத்தால் அறுத்தே பார்ப்பார்கள். சிலர் சிறு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்திருப்பார்கள்.

மேல்கம்பிக்கு வேறு வேலை. அதன் நுனியிலிருந்து சூட்டில் நிறம் மாறிய பகுதி எதுவரை இறங்கியிருக்கிறது என்பதை வைத்து டைமிங்கையும் சூட்டையும் பற்றிப் பேசுவார்கள். பீங்கானில் மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளிகளோ மினுக்கும் அலுமினியத் துணுக்குகளோ தெரிந்தால், கலவை பற்றிய பேச்சை நிறுத்திவிட வேண்டும். எரியறையில் கட்டுக்கடங்காத வெடிப்பு நடந்து, பிஸ்டனே உதிரத் தொடங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

கருப்பு என்றால் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல்; வெளுப்பு என்றால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்ற வாய்ப்பாடு எங்கே தோற்கிறது என்பதைப் பட்டியலிட்டால் நீளும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் பிளக் கருக்கும். பொறி நலிந்திருந்தாலும், தெருமுனை வரை மட்டுமே தினமும் ஓட்டினாலும், சோக் முழுதாகத் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருந்தாலும் கருக்கும். ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து எண்ணெய் ஏறினால் ஈரக் கருப்பு வரும். வெளுப்புக்கும் அப்படியே: கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் கீறல் விழுந்து காற்று புகுந்தாலும், டைமிங் முன்னால் போயிருந்தாலும், பிளக் ஹாட்டாக இருந்தாலும் வெளுக்கும். சித்த மருத்துவத்தில் நோயறிய எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நிறம் அங்கே எட்டில் ஒன்று. நல்ல மெக்கானிக்கும் சைலன்சர் வாயில் கைவைத்துப் புகையை முகர்கிறார், ஐடில் சத்தத்தைக் கேட்கிறார், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகினால் எஞ்சின் திக்குகிறதா என்று பார்க்கிறார். பிளக்கைக் கடைசியில்தான் கழற்றுகிறார்.

நம் ஊரில் இந்தப் படிப்பைக் கெடுத்தது தொழில்நுட்ப அறியாமை அல்ல, பெட்ரோல் விலை. “மைலேஜ் வரமாட்டேங்குது அண்ணே, கொஞ்சம் செட் பண்ணிக் குடுங்க” என்றுதான் பெரும்பாலான உரையாடல் தொடங்கும். மெக்கானிக் என்ன செய்வார்? கலவையை லீனாக்குவார். ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி, நீடிலை இறக்கி, சிலர் மெயின் ஜெட்டையே ஒரு எண் சிறியதாக மாற்றிக் கொடுப்பார்கள். லிட்டருக்குச் சில கிலோமீட்டர் கூடிவிடும். அந்த மாதம் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். ஆனால் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல. ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விப்பதும் அதுதான். அது குறைந்தால் சூடு ஏறும். டூ ஸ்ட்ரோக்கில் இன்னும் ஆபத்து. எண்ணெயை டேங்கிலேயே பெட்ரோலுடன் கலந்து ஓட்டும் வண்டிகளில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் கூடவே குறையும். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியும், சிலிண்டரை இறுக்கும், பின்சக்கரம் நடுச்சாலையில் பூட்டிக்கொள்ளும். ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டிய ஆட்டோக்களில் பிளக் நேர்மாறாகக் கருத்தது. அங்கேயும் காரணம் கார்பரேட்டரில் இல்லை, வருமானத்தில் இருந்தது. வெளுத்த பிளக்கோடு ஓடிய வண்டிகளுக்குப் பின்னால் ஒரு குடும்ப வரவுசெலவு இருந்தது. மெக்கானிக்குக் கலவையின் சரியான அளவு தெரியாமல் இல்லை. வாடிக்கையாளரின் சட்டைப்பை கேட்ட அளவு வேறு.

இனி அந்தப் பால் சேர்த்த டீ நிறத்துக்கு வருகிறேன்.

1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் நாக்கிங் என்னும் கட்டுக்கடங்காத வெடிப்பு நிற்கிறது என்று கண்டார். ஈயம் எரியறையிலேயே தங்கினால் பிளக்கும் வால்வும் அடைத்துவிடும். எனவே அதை ஆவியாக்கிச் சைலன்சர் வழியே வெளியேற்ற, புரோமின் கலந்த இன்னொரு சேர்மத்தையும் கூடவே சேர்த்தார்கள். பெரும்பகுதி ஈயம் வெளியேறித் தெருக்காற்றில் கலந்தது. வெளியேறாத மிச்சம் பீங்கான் மூக்கில் மெல்லிய படலமாகத் தங்கியது. சுவர்ப்படத்தில் ‘சரி’ என்று காட்டிய அந்த இளம் பழுப்பில் கணிசமான பங்கு இந்த ஈயத்துடையது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நலமாக இருக்கிறது என்பதற்கு நாம் வைத்திருந்த அடையாளத்தில், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சின் சாயம் கலந்திருந்தது.

ஆபத்து தெரியாமல் இல்லை. 1924இல் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பாலையில் டெட்ராஎத்தில் ஈயம் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். செய்தித்தாள்களில் வந்தது. இருந்தும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அந்தப் பெட்ரோலை எரித்தது. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களில் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுதும் அது மட்டுமே. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல். சிறு பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் பலவற்றில் இன்றும் ஈயம் உண்டு. அவற்றின் பிளக்குகளிலிருந்து ஈய மணிகளைச் சுரண்டி எடுப்பது விமான மெக்கானிக்குகளின் வழக்கமான வேலை. வாயால் டியூபை உறிஞ்சிப் பெட்ரோல் எடுத்த நம் பட்டறைப் பையன்களின் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

ஈயம் போனதும் நிறமும் போனது. இன்றைய பெட்ரோலில் கலவை கச்சிதமாக இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கில்கூட பிளக் ஏறக்குறைய வெள்ளையாகவே வெளிவரும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இன்னும் பழுப்பைப் பார்க்கிறார்கள்; அது பாதி எண்ணெயின் நிறம். பழைய சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து வெள்ளை என்றால் லீன் என்று முடிவெடுப்பவர், பழுப்பு வரும்வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவார். பழுப்பு வரும்போது கலவை ஏற்கெனவே மிஞ்சிப்போயிருக்கும். எழுதியவர்கள் பிழையாக எழுதவில்லை. அவர்கள் பார்த்த பெட்ரோல் இப்போது இல்லை.

அதன்பின் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. நாட்டில் பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு 2022இல் எட்டப்பட்டது. 2025க்குள் இருபது விழுக்காடு கலந்த இ20 பரவலாகிவிட்டது. எத்தனால் எரியத் தன் எடையைப் போல் ஒன்பது மடங்கு காற்றே போதும். அதைக் கலந்த இ20க்குத் தேவையான அளவு 14.7இலிருந்து ஏறத்தாழ 13.5 ஆக இறங்குகிறது. கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய துளை வழியே பழைய அளவையே ஊற்றும். ஜெட்டைத் தொடாமல், ஸ்க்ரூவைத் திருகாமல், பங்க்கில் போய் டேங்கை நிரப்பியதாலேயே வண்டி ஏழெட்டு விழுக்காடு லீனாகிவிடுகிறது. மைலேஜுக்காக ஏற்கெனவே லீனாக்கப்பட்ட வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். எத்தனால் கரியையும் குறைவாகவே விடும் என்பதால் பிளக் மேலும் வெளுக்கும். அந்த வெளுப்பில் எவ்வளவு எச்சரிக்கை, எவ்வளவு வெறும் சுத்தம் என்பதை நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இதையெல்லாம் ஒரு சிறு உணரி தீர்த்துவிட்டது என்பதும் உண்மை. போஷ் நிறுவனத்தின் லாம்டா சென்ஸார் 1976இல் கலிஃபோர்னியாவில் விற்ற வால்வோ கார்களில் வந்தது. சைலன்சர் குழாயில் அமர்ந்து, போகும் புகையில் எஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்த்து, கலவை கூடியதா குறைந்ததா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்தியாவின் புதிய பைக்குகளில் பெரும்பாலானவற்றிலிருந்து கார்பரேட்டர் விடைபெற்றது. இன்றைய வண்டி ஊட்டி ஏறினாலும், இ20 ஊற்றினாலும், தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. அதன் பிளக்கில் கலவையைப் பற்றிப் படிக்க அநேகமாக எதுவும் இல்லை. இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை. தெருவில் நிற்கும் குழந்தைக்குக் கார்பரேட்டரின் கவித்துவம் தேவையில்லை. புகை குறைந்தால் போதும்.

ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஈயம் போனபோதும் எத்தனால் வந்தபோதும் தடுமாறியவர்கள் நிறங்களை மனப்பாடம் செய்தவர்கள். நிறம் எப்படி உண்டாகிறது என்று யோசித்தவர்கள் மாற்றத்துக்குப் பின்னும் வேலை செய்தார்கள். நுனியின் பழுப்பைத் தேடுவதை விட்டு அடிவாரக் கரிவளையத்துக்குப் போனார்கள். ஓட்டத்தின் நேரத்தைக் கூட்டினார்கள். ஒரு ஜெட்டை மாற்றி ஓட்டி, முன்னைய பிளக்கோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். தனி ஒரு பிளக் எதையும் நிரூபிக்காது. இரண்டு பிளக்குகளுக்கு நடுவே உள்ள வேறுபாடுதான் செய்தி. நடுவில் மாற்றியது ஒன்றே ஒன்று என்றால் மட்டுமே அந்தச் செய்திக்கு மதிப்பு. பட்டறைக்குள் உருவான இந்த ஒழுங்கும் ஆய்வுக்கூடத்தின் ஒழுங்கும் ஒன்றுதான். கையில் கிரீஸ் இருந்ததால் நாம் அதை அறிவியல் என்று அழைக்கவில்லை.

வீட்டில் பழைய புல்லட்டோ யெஸ்டியோ ஆர்எக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவர்ப்படத்தின் நிறத்தைத் துரத்தாதீர்கள். ஏர் ஃபில்டரையும் ரப்பர் இணைப்பையும் டைமிங்கையும் முதலில் சரிபாருங்கள். கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சில் புதுப் பிளக் போடுங்கள். நீங்கள் எப்போதும் ஊற்றும் பெட்ரோலிலேயே, தெரிந்த ஒரே திறப்பில் ஓட்டி, அங்கேயே அணைத்துப் பாருங்கள். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் ரிச் பக்கமாகவே இருங்கள். கரி படிந்த பிளக்கைச் சுத்தம் செய்துகொள்ளலாம். ஓட்டை விழுந்த பிஸ்டனுக்குப் புது பிஸ்டன்தான் போட வேண்டும்.